ஒப்பந்தம் மாறினால் வரி உண்டா?

பொருள் ஈட்டும் காலத்தில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் பணம் செலுத்திவைத்து, முதுமையில் ஆண்டுதோறும் வருமானம் பெறுவதற்குச் செய்துகொள்ளும் உடன்படிக்கையை ஆண்டுத்தொகை ஒப்பந்தம் என்கிறோம். நம்மவர் பலர் குடியேறி வாழும் அமெரிக்காவில் இது பெருவழக்காக உள்ளது. செலுத்திய பணம் ஒப்பந்தத்தினுள் வளரும்வரை அதற்கு வரி இல்லை. வெளியே எடுக்கும்போதே வரி. அவ்வாறாயின், ஒரு கம்பெனியை விட்டு மற்றொரு கம்பெனியின் ஒப்பந்தத்துக்கு மாறுவதும் பணத்தை எடுப்பதாகுமா?

ஆகாது என்பதே விடை. 1954-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் இடம்பெற்று இன்றும் நிலைத்திருக்கும் 1035-ஆம் பிரிவு இச்சலுகையை வழங்குகிறது. ஆயினும் இதில் வழுக்கும் இடம் ஒன்று உண்டு. ஐம்பத்தைந்து வயதான ஒருவர் 60,000 டாலர் செலுத்தினார். அது இன்று 1,00,000 ஆகியுள்ளது என்று வைத்துக்கொள்வோம். பழைய கம்பெனியே புதிய கம்பெனிக்குத் தொகையை நேரே அனுப்பினால் இப்போது வரி இல்லை. அவரோ தம் பெயருக்குச் செக்கைப் பெற்று, அன்றைக்கே புதிய கம்பெனிக்கு எழுதிக் கொடுக்கிறார். இது மாற்றமன்று, பணம் பெற்றதேயாகும் என்று வரித்துறை 2007-இல் தீர்மானித்தது. ஆகவே 40,000 டாலர் லாபம் அவ்வாண்டு வருமானத்தில் சேரும். ஐம்பத்தொன்பதரை வயது நிரம்பாமையால் அதில் பத்து சதவீதம், அதாவது 4,000 டாலர், அபராத வரியும் சேரும். ஒரு காகிதம் அவர் கைக்கு வந்து போனதற்கு இவ்வளவு விலை!

முறைப்படி மாற்றினாலும் வரி மறைந்துவிடுவதில்லை. பழைய 60,000 டாலரே புதிய ஒப்பந்தத்துக்கும் அடக்கவிலையாகத் தொடரும். ஒப்பந்தக்காரர் காலமானால் அந்த 40,000-க்கு உரிய வரி வாரிசைச் சாரும். ஒப்பந்தத்தின் உடைமையாளரும் மாறலாகாது. ஒரு பகுதியை மட்டும் மாற்றுவோர் 180 நாட்களுக்கு இரண்டு ஒப்பந்தங்களிலிருந்தும் பணம் எடுக்காதிருத்தல் நலம்.

ஆயுள் இன்ஷூரன்ஸை ஆண்டுத்தொகையாக மாற்றலாம். ஆண்டுத்தொகையை ஆயுள் இன்ஷூரன்ஸாக மாற்ற இச்சலுகை இல்லை. ஆயுள் இன்ஷூரன்ஸில் இறப்பின்பின் வரும் தொகைக்குப் பொதுவாக வருமான வரி இல்லை. தள்ளிவைத்த வரி அவ்வழியே அடியோடு தப்பிவிடலாகாது என்பது சட்டத்தின் கருத்து.

வரி இல்லை என்ற ஒரு சொல்லைக் கேட்டு மாறுவோரும் உளர். முன்கூட்டி விலகுவதற்காகப் பழைய கம்பெனி பிடித்துக்கொள்ளும் கட்டணத்தை 1035-ஆம் பிரிவு தடுப்பதில்லை. புதிய ஒப்பந்தத்தில் அத்தகைய கட்டணக் காலம் பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்கும். விற்பவருக்கோ புதிய கமிஷன்.