வயதைக் கேட்டறிதல்

மக்கள் தொகைக் கணக்கெடுப்புப் படிவத்தில் மிக எளியதாகத் தோன்றுவதும், மிகுதியாகப் பிழைபடுவதும் வயதைப் பற்றிய கேள்வியே. “முப்பது இருக்கும், முப்பத்தைந்து என்றே எழுதிக்கொள்ளுங்கள்” என்னும் விடை கிராமங்களில் வழக்கமாகக் கிடைப்பது. இதன் பயனாக, இந்திய வயதுப் பட்டியல்களில் 29, 31 ஆகிய வயதினரைவிட 30 வயதினர் பன்மடங்கு மிகுந்து காணப்படுகின்றனர். குழந்தைகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மொத்தமாகப் பிறப்பதில்லை; விடைகளே அவ்வாறு குவிகின்றன.

இக்குவிவை அளப்பதற்கு விப்பிள் குறியெண் என்பதொன்று உண்டு. 23 முதல் 62 வரையுள்ள நாற்பது வயதுகளில், 0 அல்லது 5-இல் முடிவன எட்டு. அதாவது ஐந்தில் ஒரு பங்கு. அவ்வெட்டு வயதினரின் தொகையை ஐந்தால் பெருக்கி, மொத்தத் தொகையால் வகுத்து, நூற்றால் பெருக்கினால் குறியெண் கிடைக்கும். குவிவு இல்லையேல் அது 100. எல்லோரும் அவ்வெட்டு வயதுகளையே கூறியிருப்பின் 500.

பிழை ஏட்டளவில் நிற்பதன்று. பள்ளியில் சேரவேண்டிய குழந்தைகள் எத்தனை பேர் என்னும் கணக்கு வயதையே பற்றி நிற்கிறது. மணமான 17 வயதுப் பெண்ணை 18 எனப் பதிந்தால், சட்டத்திற்கு மாறான திருமணம் ஒன்று கணக்கிலிருந்தே மறைந்துவிடுகிறது. முகத்தைப் பார்த்து வயதைத் தாமே எழுதிக்கொள்ளும் ஊழியரும் இக்குவிவிற்கு ஓரளவு பொறுப்பாளரே.

முதற்கண் தெளிய வேண்டியது, நடக்கும் வயதா, பூர்த்தியான வயதா என்பது. 1931-இல் அண்மையிலுள்ள பிறந்த நாளைக்கொண்டு வயதைக் குறிக்கச் செய்தனர்; பின்னர் பூர்த்தியான ஆண்டுகளே கொள்ளப்படுகின்றன. “இருபத்தாறு நடக்கிறது” என்பவருக்கு எழுதவேண்டியது 25.

பிறந்த தேதி தெரிந்தால் கணக்கு எளிது. 1964 செப்டம்பர் 18-இல் பிறந்தவருக்கு, 2011 கணக்கெடுப்பின் குறிப்பு நாளாகிய மார்ச்சு 1-இல் வயது என்ன? ஒன்றில் பதினெட்டு போகாது. பிப்ரவரியின் 28 நாட்களைக் கடன் வாங்க, மிச்சம் 11 நாட்கள். எஞ்சிய இரண்டு மாதங்களில் ஒன்பது போகாது. ஓராண்டைக் கடன் வாங்க, மிச்சம் 5 மாதங்கள். 2010-இல் 1964 போக 46. வயது 46 ஆண்டு, 5 மாதம், 11 நாள், படிவத்தில் 46. ஆண்டுகளை மட்டும் கழித்து 47 என எழுதுவதே பரவலான தவறு.

தேதி தெரியாதவரிடம் நிகழ்ச்சிகளைக்கொண்டு வினவ வேண்டும். ஊரார் அனைவரும் அறிந்த வெள்ளம், பஞ்சம், தேர்தல் ஆகியவற்றை ஆண்டுடன் முன்னரே குறித்துக்கொள்ளுதல் நலம். கச்சுப் பகுதியில் 2001 சனவரி 26-ஆம் நாள் நிலநடுக்கத்தை மறந்தவர் அரியர். “அன்று நான் தாயின் இடுப்பில் இருந்தேனாம், நடக்கத் தொடங்கவில்லை” என ஒருத்தி கூறினால், அவள் பிறந்தது 2000-ஐ ஒட்டியே என்பது பெறப்படும். உடன்பிறந்தாரின் வயதோடு ஒப்பிட்டு அதனை மேலும் நெருக்கிவிடலாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திற்கு முற்பட்ட முதியோர் பலரிடத்தில் இதனைவிடச் சிறந்த வழியில்லை.

ஆசிரியர்கள் வகுப்பில் கொடுக்கத்தக்க கணக்கு ஒன்றுண்டு. முன்னாள் பிரதமர் மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் பிறந்தார். நூற்றால் வகுபட்டு நானூற்றால் வகுபடாத ஆண்டு நெட்டாண்டு ஆகாது. ஆதலால் 1900-இல் அத்தேதி வரவில்லை. பிறந்த தேதியை அவர் மீண்டும் கண்டது எட்டாண்டுகள் கழித்து, 1904-இல். 1995 ஏப்ரல் 10-இல் அவர் காலமானபோது பூர்த்தியான வயது 99. அதற்குள் அவருக்கு வாய்த்த பிப்ரவரி 29-கள், பிறந்த நாள் நீங்கலாக, இருபத்து மூன்றே.