கண்ணாடித் தொட்டி உயிர்கள் – 7: ஆக்சலாட்டலின் நிறம் சொல்வதும் சொல்லாததும்

ஆக்சலாட்டல் என்னும் நீர்வாழ் சாலமாண்டரை வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. வெள்ளைக்கு ஒரு விலை, கறுப்புக்கு ஒரு விலை, பொன்னிறத்துக்கு இன்னொரு விலை. வெள்ளை நோஞ்சான், கறுப்புதான் கெட்டி என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. நம்ப வேண்டாம். பிறவி நிறம் பரம்பரைச் சொத்து. கவனிக்க வேண்டியது, வாங்கிய பிறகு அந்த நிறத்தில் தெரியும் மாற்றத்தைத்தான்.

இதன் தோலில் மூன்று வகை நிறச் செல்கள் உண்டு: கருமை தருபவை, மஞ்சள் தருபவை, ஒளிபட்டு மினுங்குபவை. மூன்றும் சேர்ந்திருந்தால் காட்டு நிறம்: கரும்பச்சை உடல், பொன் தூவல், கண்மணியைச் சுற்றி மினுங்கும் வளையம். மினுங்கும் செல்கள் இல்லாமல் பிறப்பது 'மெலனாய்டு'. எட்ட நின்று பார்த்தால் இரண்டும் கறுப்புதான். கடைக்காரர் எதைச் சொன்னாலும் கண்ணைப் பாருங்கள். வளையம் இல்லாவிட்டால் அது மெலனாய்டு.

வெள்ளையிலும் இரண்டு உண்டு. கறுப்புக் கண் வெள்ளைக்குக் கருமை உண்டாக்கும் திறன் கெடவில்லை. கருவில் முதுகோரம் தோன்றும் நிறச் செல்கள் உடல் முழுக்கப் பரவ வேண்டும்; இதில் அவை பரவுவதில்லை. சிலவற்றின் தலையிலும் முதுகிலும் மட்டும் கரும்புள்ளிகள் இருப்பது அதனால்தான். 1864இல் மெக்சிகோவிலிருந்து 34 ஆக்சலாட்டல்கள் பாரிஸ் வந்து சேர்ந்தபோது இந்த வெள்ளையும் கூடவே வந்துவிட்டது. இன்று ஆய்வுக்கூடங்களில் வளர்பவற்றில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தின் வாரிசுகள். கண்ணும் வெளிறிய அல்பினோ வேறு கதை. 1960களில் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில் ஹம்ப்ரி என்பவர் அல்பினோ புலி சாலமாண்டரோடு கலப்பு செய்து கொண்டுவந்த நிறம் அது. பொன்னிற ஆக்சலாட்டலும் அல்பினோதான், மஞ்சள் செல்கள் மிஞ்சியிருக்கின்றன, அவ்வளவே.

இனி மாற்றங்கள். கறுப்பு ஒன்றை வெள்ளை அடித்தளமுள்ள தொட்டியில் விட்டால் சில வாரங்களில் சற்று வெளிறும், இருண்ட தொட்டியில் கறுக்கும். பயப்பட ஒன்றுமில்லை. நீந்தி முடித்ததும் செவுள்கள் சிவப்பதும், அசையாமல் கிடக்கும்போது மங்குவதும் இயல்புதான். ஆனால் செவுள்கள் முன்பக்கம் மடங்கியே இருந்தால், வால் நுனி சுருண்டிருந்தால், தீனியைத் தொடாமல் இருந்தால் உடனே தண்ணீரைச் சோதியுங்கள். காலிலும் வயிற்றிலும் சிவப்புத் திட்டுகள் தெரிந்தால் அம்மோனியாவோ தொற்றோ இருக்கலாம். செவுளில் பஞ்சு போல வெள்ளையாக ஒட்டியிருப்பது பூஞ்சை. வெள்ளை ஆக்சலாட்டலில் இந்தச் சிவப்பு சட்டென்று கண்ணில் படும், கறுப்பில் ஒளிந்துகொள்ளும். கறுப்புதான் கெட்டி என்ற பேச்சே இப்படித்தான் வந்திருக்கும் என்பது என் ஊகம்.

பினாங்குத் தீவின் ஆயர் ஈத்தாமில் இந்தத் தொல்லைகளில் பாதிக்கு வேர் வெக்கைதான். ஆக்சலாட்டலின் சொந்த ஊரான சொச்சிமில்கோ, மெக்சிகோ நகரின் விளிம்பில், கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அதற்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரித் தண்ணீர். 24ஐத் தாண்டினால் தவிக்கத் தொடங்கும். நம் வீட்டுக் கூடத்தில் ஒரு வாளித் தண்ணீரை வைத்தாலே 28ஐத் தொட்டு நிற்கும். வெள்ளைக்காரர்கள் குளிர்ச்சி தேடி ஏறிய கொடிமலைக்கு ஆயர் ஈத்தாமிலிருந்துதான் ரயில் போகிறது. அந்த உச்சியிலும் 20க்குக் கீழே இறங்குவது அபூர்வம்!

தொட்டி மேல் காற்றாடி வைப்பது இங்கே அதிகம் உதவாது. தண்ணீர் ஆவியாகும்போதுதான் குளிரும். பினாங்கின் ஈரக் காற்றில் அந்த ஆவியாதல் மந்தம். உறையவைத்த பாட்டிலை மிதக்கவிட்டால் சூடு குறைந்து, சில மணி நேரத்தில் மறுபடி ஏறும். அந்த ஏற்ற இறக்கம் அதற்கு இன்னொரு வதை. ஆகவே தொட்டிக்கான சில்லர் வேண்டும், அல்லது இரவு பகல் குளிர்சாதனம் ஓடும் அறை வேண்டும். மின்கட்டணத்தையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

வளர்க்க முடியாமல் போனால், வேண்டாத ஆமைகளைக் கொண்டுபோய் விடுவது போல கெக் லோக் சி கோயில் குளத்தில் விட்டுவிடாதீர்கள். சூட்டுக்குத் தப்பினாலும் அங்குள்ள ஆமைகளுக்குத் தப்பாது. வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடிப் பிடித்துக் கொடுங்கள்.

(அடுத்த வாரம்: தீனியும் இரவு நடமாட்டமும்)