கொலஸ்திரோலும் கமக்காரரின் உணவும்

கொலஸ்திரோல் என்பது மெழுகை ஒத்த ஒரு கொழுப்புப் பொருளாகும். உடற்கலங்களின் அமைப்புக்கும் பித்தநீர் உண்டாவதற்கும் அது இன்றியமையாதது. வேண்டிய அளவின் பெரும்பகுதியை ஈரலே ஆக்கிக்கொள்கின்றது. ஆகவே கொலஸ்திரோல் நஞ்சன்று; அது மிகுதியாதலே தீமை.

இரு வகைகள்

நீரிற் கரையாத இப்பொருள் புரதத்துடன் சேர்ந்தே இரத்தத்திற் செல்கின்றது. எல்.டி.எல். எனப்படும் அடர்த்தி குறைந்த வகை மிகுந்தால் நாடிச் சுவர்களிற் படியும். வாய்க்கால் தூர்ந்தவிடத்துக் கடைசி வயலுக்கு நீர் எட்டாதது போல, இருதயத்துக்கும் மூளைக்கும் இரத்தம் எட்டாது போகும். மாரடைப்பும் பாரிசவாதமும் இவ்வாறே நேர்கின்றன. எச்.டி.எல். எனப்படும் அடர்த்தி கூடிய வகையோ மிகுதியான கொலஸ்திரோலை ஈரலுக்கு மீட்டுச் செல்லும்.

தகுந்த அளவுகள்

100 மில்லிலீற்றர் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்திரோல் 200 மில்லிகிராமுக்கும், எல்.டி.எல். 100 மில்லிகிராமுக்கும் குறைவாயிருத்தல் நன்று. எச்.டி.எல். ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 மில்லிகிராமுக்குக் குறையலாகாது. நீரிழிவோ இருதய நோயோ உடையவர்க்கு எல்.டி.எல். இதனினும் குறைந்திருத்தல் வேண்டும்.

உணவிற் கவனிக்க வேண்டியவை

1. தேங்காயிற் கொலஸ்திரோல் இல்லை. எனினும் தேங்காயெண்ணெயிற் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பாகும், அது எல்.டி.எல். அளவைக் கூட்டும். கறிக்குத் தேங்காய்ப்பாலை அளவாகச் சேர்த்துக்கொள்க. தாளிப்பதற்கு நல்லெண்ணெய் ஏற்றது.

2. பயறு, கௌபி, வெண்டி, கத்தரி என்பவற்றிலுள்ள கரையும் நார் பித்தநீரைப் பற்றி வெளியேற்றும். அதனை ஈடுசெய்ய ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலை எடுத்துக்கொள்ளும். எனவே விளைந்ததெல்லாவற்றையும் சந்தைக்கு அனுப்பாது, ஒரு பங்கை வீட்டுக்கென ஒதுக்குக.

3. நெல்லை மிகத் தீட்டுவதால் நாரும் நல்ல எண்ணெயும் கொண்ட தவிடு நீங்கிவிடும். வீட்டுத் தேவைக்கான அரிசியை ஆலையிற் குறைவாகத் தீட்டுவித்தல் நன்று.

4. இறைச்சிக் கொழுப்பு, பொரித்த பண்டங்கள் ஆகியவற்றைக் குறைத்து, மீனைச் சேர்த்துக்கொள்க.

பரிசோதனை

வயலில் நாள் முழுதும் உழைப்பவருக்கும் கொலஸ்திரோல் மிகுந்திருக்கக்கூடும். உடல் உழைப்பு நன்மை தருமெனினும் பரம்பரையையும் உணவையும் அது முற்றாக வெல்லாது. மிகுதியைக் காட்டும் நோவோ களைப்போ தோன்றுவதுமில்லை. இரத்தப் பரிசோதனையாலேயே அதனை அறியலாம். அறுவடை முடிந்து ஓய்வு கிடைக்கும் காலத்தில் வைத்தியசாலைக்குச் சென்று பரிசோதித்துக்கொள்க. புகைத்தலைக் கைவிடுக. வைத்தியர் மருந்து தந்திருப்பின், அவரைக் கேளாது நிறுத்தலாகாது.