படம் தோற்றால் பாட்டும் தோற்றதா?

இளையராஜா ரசிகரும் ஏ.ஆர்.ரஹ்மான் ரசிகரும் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தால் போதும். "உங்க ஆளு போட்டதுலயே சுமாரான ஆல்பம் எது?" என்று ஆரம்பித்துவிடும். 'நீதானே என் பொன்வசந்தம்' (2012) என்று இவர் சீண்டினால், 'பாபா' (2002) என்று அவர் திருப்பிக் கொடுப்பார்.

இந்தச் சண்டையில் பாவப்பட்டவை ஓடாத படங்களின் பாடல்கள்தான். படத்தோடு சேர்த்து அவற்றையும் 'சுமார்' கணக்கில் எழுதிவிடுகிறோம். 'இருவர்' (1997) தியேட்டரில் ஓடவில்லை. ஆனால் ரஹ்மானின் சிறந்த ஆல்பங்களில் ஒன்றாக இன்று கொண்டாடப்படுகிறது.

அந்தக் காலத்திலும் இதே கதைதான். அதற்கு சாட்சி, செஞ்சிக்கோட்டை நாயகன். 1714-ல் ஆற்காடு நவாப்பின் படையோடு மோதி, இளம் வயதிலேயே உயிர்விட்ட தேசிங்கு ராஜனின் வாழ்க்கை, 1960-ல் எம்.ஜி.ஆர் நடிக்க 'ராஜா தேசிங்கு' என்று படமானது. இசை, ஜி.ராமநாதன். படம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை. 'அம்பிகாபதி' (1957), 'உத்தம புத்திரன்' (1958), 'கப்பலோட்டிய தமிழன்' (1961) என்று ராமநாதனின் பெருமையை அடுக்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஆனால், அதில் சீர்காழி கோவிந்தராஜனும் ஜிக்கியும் பாடிய டூயட்டையும், சி.எஸ்.ஜெயராமனும் பானுமதியும் பாடிய டூயட்டையும் பழைய பாட்டுப் பிரியர்கள் இன்றும் தேடிக் கேட்கிறார்கள். படம் மறந்துபோச்சு, பாட்டு மறக்கலை!

அடுத்த முறை நண்பரின் லிஸ்ட்டில் கை வைக்கும் முன், படத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பாடல்களை மட்டும் ஒருமுறை கேளுங்கள். அப்புறமும் சுமார் என்று தோன்றினால், தாராளமாகச் சண்டை போடலாம்!