கேமராவோடு சென்னைக்குக் கிளம்புகிறீர்களா?

"டாக்டர் சார், பத்து இடம் லிஸ்ட் போட்டுக்கிட்டுப் போனேன். நாலாவது இடத்துலயே கண்ணு இருட்டிடுச்சு!"

சில வருடங்களுக்கு முன்பு புவனகிரியில் என் வைத்தியசாலைக்கு வந்த இளைஞர் சொன்னது இது. மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாவைப் படம் பிடிக்கப் போனவர். காலையில் வெறும் டீ. பாத்ரூம் தேட வேண்டுமே என்று தண்ணீரும் குடிக்கவில்லை. ஒரே தோளில் கனமான பை. பிற்பகலில் ஊர்வலம் வந்தபோது ஒரு கடை வாசலில் படுத்துக் கிடந்தார்! நீர்க்கடுப்பும் தோள்வலியும்தான் ஊருக்குக் கொண்டுவந்தவை.

'கார் இருந்தால் இந்தக் கஷ்டம் இல்லை' என்பீர்கள். அறுபத்து மூவர் அன்று மாட வீதிக்குள் கார் போகவே முடியாதே! கார் இல்லாதது குறையல்ல. ஆனால் கார் சுமக்க வேண்டியதை உங்கள் உடம்பு சுமக்கிறது. எனவே இடங்களைக் கணக்கிடும் முன் உடம்பைக் கணக்கிடுங்கள்.

எப்படிப் போவது?

தென்மாவட்டப் பேருந்துகள் பெரும்பாலும் 2023 டிசம்பர் கடைசியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்தோடு நின்றுவிடுகின்றன. அங்கிருந்து நகருக்குள் போவதற்குள் பாதித் தெம்பு போய்விடும். சிதம்பரத்தில் இரவு ரயில் ஏறினால் தூங்கிக்கொண்டே போகலாம். அது எழும்பூர் வரை போகுமா, தாம்பரத்திலேயே நின்றுவிடுமா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்றே இடம்

நல்ல படத்துக்கு வேண்டியது காலை வெளிச்சமும் மாலை வெளிச்சமும். உச்சி வெயிலில் எடுத்தால் முகமெல்லாம் நிழல் விழும். உடம்புக்கும் அதே கணக்குதான்!

விடியற்காலை மெரினா. எழும்பூரிலிருந்து புறநகர் ரயிலில் கடற்கரை நிலையம் போய், அங்கே பறக்கும் ரயில் பிடித்தால் திருவல்லிக்கேணியில் இறங்கலாம். சூரியோதயம் முடிந்ததும் இட்லியோ பொங்கலோ வயிறாரச் சாப்பிடுங்கள்.

பதினோரு மணி முதல் மூன்று வரை நிழல். எழும்பூர் அருங்காட்சியகம் 1851-ல் தொடங்கியது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்க்கவே அரை நாள் போதாது. வெள்ளிக்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் உட்கார்ந்து இளைப்பாறுங்கள்.

மாலையில் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் நடை நண்பகலில் சாத்தி, மாலை நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். திருமயிலை பறக்கும் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். தெப்பக்குளமும் கோபுரமும் மாலை வெயிலில் கொள்ளை அழகு.

அடக்காதீர்கள்!

அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் சொல்கிறது. சிறுநீர், மலம், பசி, தாகம், தூக்கம் எல்லாம் அதில் அடக்கம். வெளியூர்ப் பயணத்தில் நாம் அடக்குவதும் இவற்றைத்தான்! குறிப்பாகப் பெண்கள். ரயில் நிலையம், அருங்காட்சியகம், சாப்பிடும் ஓட்டல் என்று எங்கெல்லாம் கழிப்பறை இருக்கிறதோ, அங்கெல்லாம் தேவை வரும்வரை காத்திராமல் போய்விட்டு வாருங்கள். தண்ணீரைக் குறைக்கவே கூடாது. சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பாட்டில் பையில் இருக்கட்டும். வெயில் நேரத்தில் நீர்மோர் நல்லது.

தோளும் காலும்

இரண்டு தோளிலும் மாட்டும் பையே நல்லது. ஒரு கேமரா, ஒரு லென்ஸ் போதும். மாற்றுத் துணியை உறவினர் வீட்டிலோ கிளாக் ரூமிலோ வைத்துவிடுங்கள். புதுச் செருப்பு வேண்டாம், பழகிய செருப்பே போதும். வீடு திரும்பியதும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கால்களைச் சிறிது நேரம் வையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம். வீட்டில் வேறொருவர் கை வைத்துப் பார்க்கட்டும். அவர்கள் வேளைச் சாப்பாட்டையும் மாத்திரையையும் தள்ளிப்போடக் கூடாது.

வெயிலில் தலைசுற்றினால் உடனே நிழலுக்குப் போய் ஈரத்துணியால் உடம்பைத் துடையுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ கைவைத்தியம் வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

அந்த இளைஞர் மறு வருடமும் போனார், மூன்றே இடங்களுக்கு. தெப்பக்குளப் படியில் மாலை வெயில் விழும் படம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அது என் வைத்தியசாலைச் சுவரில் இருக்கிறது. "இந்தத் தடவை உடம்புக்கு எப்படி, தம்பி?" என்றேன்.

"பசிச்சதும் சாப்பிட்டேன் சார், அவ்வளவுதான்!" என்றார்.