யானை மடிந்தாலும் ஆயிரம் பொன்

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கடன்பட்டு நாம் வாங்கும் மோட்டார் காரின் நிலை என்ன? ஓடும்போது அதற்கு ஒரு விலை உண்டு. விபத்தில் நொறுங்கியோ வெள்ளத்தில் மூழ்கியோ அது மடிந்துவிட்டால் அதன் விலை யாது? இக்கேள்விக்கு விடை இன்ஷூரன்ஸ் கம்பெனி பின்னர் அனுப்பும் கடிதத்தில் இல்லை. நம் கையிலுள்ள பாலிசியிலேயே அச்சாகியிருக்கிறது. அதனை அறியாத காரணத்தால், கொடுத்ததை வாங்கிக்கொண்டு கையொப்பமிடுவோர் நம்மவரிடையே உளர். உற்றார் அருகில்லாத ஊர், நன்கு பழகாத மொழி, வங்கிக்குக் கட்டவேண்டிய தவணை ஆகிய மூன்றும் சேர்ந்து மனிதனை அவசரப்படுத்துவது இயல்பே. ஆனால் அந்த அவசரத்தின் விலை லட்சக்கணக்கில் இருக்கக்கூடும்.

இத்துன்பம் யாருக்கோ எப்போதோ நேர்வதன்று. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியது. தெருவில் நின்ற கார்கள் நீரில் மூழ்கின. 2015 டிசம்பரில் சென்னையிலும் அதே காட்சி. நெடுஞ்சாலை விபத்துக்களைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பாலிசியில் ஐ.டி.வி. என்னும் எழுத்துக்களுக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். காப்பீடு செய்தவர் அறிவித்த மதிப்பு என்பது அதன் பொருள். அந்த வகைக் காருக்கு உற்பத்தியாளர் குறித்த விற்பனை விலையிலிருந்து வயதிற்கேற்பத் தேய்மானம் கழித்து அது கணிக்கப்படுகிறது. வழக்கமான அட்டவணைப்படி, ஆறு மாதம் வரை 5 சதவிகிதம்; ஓராண்டு வரை 15; இரண்டாண்டு வரை 20; மூன்றாண்டு வரை 30; நான்காண்டு வரை 40; ஐந்தாண்டு வரை 50. ஐந்தாண்டிற்கு மேற்பட்ட வண்டிக்கு இரு தரப்பாரும் ஒப்பி மதிப்பை நிர்ணயிப்பர்.

பாலிசி நிபந்தனைகளில் இதனையொட்டி வரும் வாக்கியமே நம் உரிமையின் ஆணிவேர். முழு நஷ்டம் என்று தீர்மானிக்கப்பட்ட கோரிக்கைகளில், பாலிசிக் காலம் முழுவதும் இந்த ஐ.டி.வி.யையே சந்தை மதிப்பாகக் கொள்ளவேண்டும். மேற்கொண்டு தேய்மானம் கழித்தலாகாது என்பது அதன் சாரம். பழுது பார்க்கவும் வண்டியை மீட்கவும் ஆகும் செலவு, பாலிசி நிபந்தனைகளுக்குட்பட்டு, ஐ.டி.வி.யில் 75 சதவிகிதத்தை விஞ்சினால் அது முழு நஷ்டமாகவே கருதப்படும்.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். காரின் விற்பனை விலை 8,00,000 ரூபாய். பாலிசி எடுக்கையில் அதன் வயது இரண்டரை ஆண்டு என்று கொள்வோம். 30 சதவிகிதம் போக ஐ.டி.வி. 5,60,000. அதில் 75 சதவிகிதம் 4,20,000. ஒர்க்‌ஷாப்பின் கணக்கு, நிபந்தனைகளின்படி கழிக்கவேண்டியது போக, 4,50,000 என்றால் வண்டி முழு நஷ்டம். 'இன்று சந்தையில் இது 4,40,000தான் பெறும்' என்று யாரேனும் கூறினால் அது செல்லாத வாதம். 1,500 சி.சி.க்கு மேற்படாத தனியார் காருக்குக் கட்டாயக் கழிவு 1,000 ரூபாய். ஆக, உடைந்த வண்டியைக் கம்பெனியிடம் ஒப்படைப்பவருக்குச் சேரவேண்டியது 5,59,000. காரின் பேரில் கடன் இருந்தால் வங்கியின் பாக்கி முதலில் போகும், மிச்சம் நமக்கு.

இதே கருத்தை உச்ச நீதிமன்றம் 2008ஆம் ஆண்டில் தர்மேந்திர கோயல் வழக்கில் வலியுறுத்தியது. பாலிசியைப் புதுப்பிக்கையில் தான் ஏற்று, பிரீமியமும் பெற்றுக்கொண்ட மதிப்பைக் கம்பெனி பின்னர் மறுத்துரைக்க இயலாது என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

குறைப்பு வேறொரு வாசல் வழியாகவும் நுழையும். உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்; அதன் மதிப்பைக் கழித்து மீதியைத் தருகிறோம் என்பார்கள். மேற்சொன்ன காரின் சிதைவு 1,20,000தான் பெறும் என்றிருக்க, 1,80,000 என்று கழித்தால் 60,000 ரூபாய் நம் கையை விட்டுப் போயிற்று. அவ்விலை கொடுத்து வாங்க எவர் முன்வந்துள்ளார் என்பதை எழுத்தில் கேளுங்கள். அத்தகையவர் இல்லையெனில், சிதைவைக் கம்பெனியே எடுத்துக்கொண்டு முழுத் தொகையையும் தருக என்று எழுதுங்கள். எவ்வகையில் தீர்ந்தாலும், ஆர்.சி. நம் பெயரில் இருக்கும் நிலையில் வண்டியைப் பழைய இரும்பு வியாபாரியிடம் விட்டுவிடலாகாது. நிரந்தரமாகப் பயனற்றுப்போன வண்டியைப் பற்றிப் பதினான்கு நாட்களுக்குள் போக்குவரத்து அலுவலகத்திற்கு அறிவித்து, ஆர்.சி.யை ரத்துக்கு அனுப்பவேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆம் பிரிவு.

முறையீட்டுக்கு ஒழுங்கு உண்டு. முதலில் சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுங்கள். சர்வேயரின் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதுவே இறுதித் தீர்ப்பன்று. பிறகு கம்பெனியின் குறைதீர்க்கும் அதிகாரிக்கு எழுதுங்கள். கோரிக்கைக் காகிதங்களைப் படிப்பதே பிழைப்பாகக் கொண்ட இரயில்வே குமாஸ்தா என்ற முறையில் ஒன்று சொல்வேன்: கோபம் நிறைந்த நான்கு பக்கங்களைவிட, பாலிசி எண், விபத்துத் தேதி, ஐ.டி.வி., தர முன்வந்த தொகை, வித்தியாசம், கேட்கும் தொகை ஆகியவை அடங்கிய அரைப் பக்கமே விரைவில் பதில் பெறும். மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி, சான்றைப் பத்திரப்படுத்துங்கள்.

ஒரு மாதத்திற்குள் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி தராவிடினும், இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மனிடம் செல்லலாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஓராண்டிற்குள் செல்லவேண்டும். அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டியதில்லை. 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்கலாம். அத்தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். மற்றொரு வழி நுகர்வோர் ஆணையம். அதற்குக் கெடு இரண்டாண்டு. ஆணையத்தில் வழக்கு நடக்கையில் ஆம்புட்ஸ்மன் அதே முறையீட்டை ஏற்கமாட்டார். ஆகவே வரிசை முக்கியம்.

நம்போன்றோர் குறித்துக்கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. பாலிசி மதுரையில் எடுத்ததாக இருக்கலாம். குடும்பம் நாகபுரியில் இருக்கலாம். முறையீட்டுக்காக ஊர் திரும்பவேண்டியதில்லை. நாம் குடியிருக்கும் இடத்திற்குரிய ஆம்புட்ஸ்மனிடமே மனுச் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நாம் வசிக்கும் அல்லது உத்தியோகம் பார்க்கும் இடத்திலேயே வழக்கிட இடந்தருகிறது.

'முழுமையாகப் பெற்றுக்கொண்டேன்' என்னும் சீட்டில் கையொப்பமிட்டவர் நிலை என்ன? மோசடியாலோ வற்புறுத்தலாலோ கையொப்பம் பெறப்பட்டது என்று நிரூபித்தால் மேலும் கோரலாம் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனினும் நிரூபிக்கும் சுமை நம் தலைமேல் விழும். ஆகலின், உடன்பாடில்லாத சீட்டில் முதலிலேயே கையொப்பமிடாதிருப்பதே அறிவுடைமை.

நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும். பிரீமியத்தில் சில நூறு மிச்சம் பிடிப்பதற்காக ஐ.டி.வி.யைக் குறைத்து எழுதச் சொன்னவர், நஷ்டம் நேர்ந்தபின் கூடுதலாகக் கேட்க வழியில்லை. அச்சிட்ட தொகை கம்பெனியைக் கட்டுவதுபோலவே நம்மையும் கட்டும். எனவே அன்பர்கள் இன்றே பெட்டியைத் திறந்து பாலிசியை எடுத்து, அந்த ஒரு தொகையைப் படித்துப் பார்ப்பார்களாக. அது குறைவென்று தோன்றினால், திருத்தவேண்டிய நாள் புதுப்பிக்கும் நாளே.