கர்ப்பிணிகளின் நீரிழிவும் அதனை அடக்கும் முறையும்

எருவிடுமுன் மண்ணைச் சோதித்தறியும் விவசாயியின் இல்லத்திலேயே கர்ப்பிணியின் இரத்தம் சோதிக்கப்படாமல் விடப்படுவதுண்டு. தாகமும் களைப்பும் தோன்றினால் கர்ப்பத்தின் இயல்பென்று கருதுகின்றனர். பெரும்பாலார்க்கு யாதொரு குறியும் தோன்றுவதில்லை. ஆதலின் இவ்வியாதியைச் சோதனையினாலன்றி அறிதல் இயலாது.

காரணம்: கர்ப்பத்தின் பிற்பாதியில் நச்சுக்கொடியில் ஊறும் சில சுரப்புகள், தாயின் உடலில் இன்ஸுலின் செய்யும் வேலையைத் தடைப்படுத்துகின்றன. கணையம் அதற்கு ஈடாக மிகுதியும் சுரக்க மாட்டாதபோது இரத்தத்தில் சர்க்கரை மிகும். அச்சர்க்கரை நச்சுக்கொடி வழியே சிசுவைச் சேரும். தாயின் இன்ஸுலினோ சேராது. ஆகவே சிசுவின் கணையமே மிகையாய்ச் சுரக்க, சிசு அளவுக்கு மேல் பருத்துப் பிரசவம் கடினமாகலாம். பிறந்தபின் அதன் சர்க்கரை திடீரெனத் தாழவுங் கூடும்.

சோதனை: இந்தியாவில் அனுசரிக்கப்படும் முறைப்படி, 75 கிராம் குளுகோஸை நீரிற் கரைத்துப் பருகச் செய்து, 2 மணி நேரங் கழித்து இரத்தம் பார்க்கப்படும். 100 மில்லிலிட்டருக்கு 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் வியாதி உண்டு. இதற்கு வெறும் வயிற்றோடு செல்ல வேண்டுவதில்லை. தொலைவிலிருந்து வரும் பெண்களுக்கு இது பெரும் அனுகூலம். கர்ப்பம் தெரிந்தவுடன் ஒரு முறையும், அப்பொழுது வியாதி இல்லையெனில் 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறையும் செய்விக்க வேண்டும்.

ஆகாரம்: இரண்டு உயிருக்கென்று சோற்றைப் பெருக்குதலும் தவறு, பட்டினியிருத்தலும் தவறு. சோற்றைக் குறைத்து, பயறு, பருப்பு, கீரை, காய், மோர், முட்டை ஆகியவற்றைக் கூட்டி, பல வேளைகளாகப் பிரித்து உண்ண வேண்டும். கேழ்வரகும் கம்பும் சர்க்கரையை ஏற்றா என்று எண்ணுதல் பிழை. மாவாக்கிக் காய்ச்சிய கூழ் விரைவில் ஜீரணித்துச் சர்க்கரையை உயர்த்தும். வெல்லமும் கருப்பட்டியும் தேனும் சர்க்கரைக்கு மாற்றாகா.

நடை: வைத்தியர் தடை கூறாவிடில், நாளொன்றுக்கு 30 நிமிஷம், உணவுக்குப் பின் சிறிது சிறிதாக நடத்தல் நன்று. பாரஞ் சுமத்தல் இதற்கு ஈடாகாது.

இன்ஸுலின்: பத்தியமும் நடையும் 2 வாரம் கைக்கொண்டும், உணவுக்கு 2 மணிக்குப் பின் சர்க்கரை 120 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்காவிடில் மருந்து வேண்டும். ஊசி என்றதும் அஞ்சிக் காலங் கடத்துவோர் பலர். 1921-இல் டொரண்டோ நகரில் பாண்டிங், பெஸ்ட் என்பவர்கள் பிரித்தெடுத்த இம்மருந்து சிசுவைச் சென்று சேர்வதில்லை. தீங்கு ஊசியாலன்று, தாமதத்தாலேயே. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், நீர் புகாத டப்பாவிலிட்டு, நீருள்ள மண்பானைக்குள் வைத்துக் காக்கலாம். வெயில் படலாகாது, உறைந்ததை உபயோகிக்கலாகாது. ஊசியிட்டபின் உணவைத் தவிர்த்தலும் கூடாது. வியர்வை, நடுக்கம், மயக்கம் தோன்றின் உடனே 3 தேக்கரண்டி குளுகோஸ் அல்லது 6 தேக்கரண்டி சர்க்கரையை நீரிற் கரைத்துக் கொடுத்து, பின் உணவளிக்க வேண்டும்.

பிரசவத்துக்குப் பின் சர்க்கரை பெரும்பாலும் இயல்புக்குத் திரும்பும். எனினும் அத்தாய்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரக்கூடுமாதலின், 6 வாரங் கழித்து ஒரு முறையும் அப்பால் அவ்வப்போதும் சோதிப்பது அவசியம். கிராம உத்தியோகஸ்தர்கள் தத்தம் ஊரில் எக்கர்ப்பிணியும் சோதனையின்றி விடுபடாதவாறு கிராம சுகாதாரச் செவிலியருக்கு உதவுவாராயின், அவ்வுதவி ஊருக்குச் செய்யும் பெரும் நன்மையாகும்.